தாழ்ப்பாளுக்கும் அதே நிறம்

இதை யாரும் நம்பியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அந்த வீடு இன்றும் இருக்கிறது. அந்த அறையின் சுவரில் அந்த நிறமும் அப்படியே இருக்கிறது. இதில் வரும் மூன்று பேரும் இன்றைக்கும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். படிக்கும்போது பின்னால் ஏதாவது கதவு இருந்தால், ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டு வந்து உட்காருவது நல்லது.

அவளுக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை. மாத்திரை அட்டையை நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிற சுபாவம் அவளிடம் கிடையாது. எழுத்துத் தெரியாதவர்கள் வந்தால் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு நிலா என்று அட்டையிலேயே படம் வரைந்து கொடுப்பாள். கடவுள் பெரிய காரியங்களை யார் யாரிடமோ கொடுத்திருக்கிறார், நமக்குக் கொடுத்தது இவ்வளவுதான், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்பது அவள் நினைப்பு.

கணவன் லிப்ட் மெக்கானிக். நல்லவன்தான். ஆனால் பயந்த சுபாவம். பயம் வந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

அவனுடைய அக்காவுக்கு, அவள் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, கண் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்து நாலு தெருவுக்குத் துணி தைத்தவர். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது. தனி ஆள். இனிமேல் தனியாக இருக்க முடியாது என்று ஆனபோது, தம்பி வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

"பகல்ல நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். எங்கேயாவது விழுந்து கிடந்தா யார் பார்க்கிறது?" என்றான் அவன். "ஒரு மாசம் வெச்சுப் பார்ப்போம். சரிப்படலன்னா விடுதிதான். அக்கான்னாலும் சரி, அம்மான்னாலும் சரி."

அந்த விடுதியை அவள் பார்த்திருக்கிறாள். மருந்து கொடுக்கப் போவாள். சுத்தமான இடம்தான். ஆனால் அங்கே யாரும் யாருடைய பேரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கட்டில் நம்பர்தான்.

ஆகவே அந்த ஒரு மாசம் அவளுக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. அண்ணி பரீட்சை எழுதவில்லை. அண்ணிக்காக அவள் எழுதினாள்.

கண் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். "அவங்களுக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியும். ஆனா இருட்டான ஒண்ணுக்குப் பக்கத்துல வெள்ளையா ஒண்ணு இருந்தா கண்டுபிடிச்சிடுவாங்க." அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சுவர் முழுக்க அழுத்தமான நிறம். கதவு நிலைக்கு வெள்ளை. சுவிட்ச் பெட்டிக்கு வெள்ளை. கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு. அண்ணி தானாகவே எழுந்து, தானாகவே விளக்கைப் போட்டு, தானாகவே வெளியே வரலாம்.

பெயின்ட் கடையில் நிற அட்டைகளைப் புரட்டிப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நீலம் என்றால் நீலம் இல்லை. பச்சை என்றால் பச்சை இல்லை. மேகம் மூடிய நாளில் ஆழமான தண்ணீர் இருக்குமே, அப்படி. பார்த்தவுடன் கத்தாத நிறம். வாயை மூடிக்கொண்டு இருக்கிற நிறம்.

"கிணத்துக்குள்ள குடியிருக்கப் போறியா?" என்றான் கணவன்.

"இல்லண்ணே, மயில் கழுத்தைச் சாம்பல்ல புரட்டி எடுத்த மாதிரி இருக்கு" என்றார் பெயின்டர். "இந்த அக்காவுக்கு நல்ல ரசனை. ஆனா மூணு கோட்டிங் வாங்கும், இப்பவே சொல்லிட்டேன். மூணாவது கோட்டிங் அடிக்கும்போது என்னைத் திட்டக் கூடாது."

அறை முதல் மாடியில் இருந்தது. வீட்டின் பின்கோடியில். அதில் ஒரு சங்கடம். அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று வீட்டுக்குள் வருவது. இன்னொன்று பின்சுவரில், வெளியே திறப்பது. முன்பு அங்கே இரும்புப் படி இருந்ததாம். துருப்பிடித்துப் போனதால், வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் அறுத்து எடுத்துவிட்டார். புதுப் படி போடப் போகிறேன், கதவை அடைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். அந்தக் கதவைத் திறந்தால் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. நேராகப் பின்சந்துதான்.

"இதுக்கு நாலு ஆணி அடிச்சிடறேன்" என்று கணவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஊரில் உள்ள லிப்ட்டையெல்லாம் ஓடவைக்கிறவனுக்கு வீட்டில் நாலு ஆணி அடிக்க நேரம் வாய்க்கவில்லை.

அவளுக்கு வேறு ஒரு யோசனை தோன்றியது. வெள்ளை நிலை அண்ணிக்குத் தெரியும் என்றால், சுவர் நிறத்திலேயே இருக்கும் கதவு தெரியாது அல்லவா? தெரியாத கதவை யார் திறக்கப் போகிறார்கள்?

"இந்தக் கதவுக்கும் சுவர் கலரே அடிச்சிடுங்க" என்றாள்.

"தாழ்ப்பாள்?"

"அதுக்கும். கதவுன்னே தெரியக் கூடாது."

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "தாழ்ப்பாள் போட்டிருக்கா இல்லையான்னு நமக்கும் தெரியாம போயிடுமேக்கா."

"அதை யார் தொடப் போறாங்க?" என்று சிரித்தாள்.

மூன்றாவது கோட்டிங் காய்ந்ததும் அவளே ஒரு நிமிஷம் அசந்து போனாள். நின்று தேடினால்தான் அந்தக் கதவு தெரிந்தது.

அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை கட்டிலைப் போடுவதற்காகத் திறந்தாள்.

சுவரில் ஒரு கோடு.

கட்டில் போட வேண்டிய மூலையிலிருந்து பின்கதவு வரை. நெஞ்சு உயரத்தில். நாலு விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு. சன்னல் பக்கம் நின்று சாய்வாகப் பார்த்தால் தெரிந்தது. நேராகப் பார்த்தால் மறைந்தது. தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் வந்து முடிந்தது. அங்கே மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்குத் திட்டு.

பெயின்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"யாரோ கை வெச்சுத் தேய்ச்சிருக்காங்க" என்றார். "இது பளபளப்பில்லாத பெயின்ட்டுக்கா. அழுத்தமான கலர் வேற. கை பட்டா காட்டிக்கொடுத்துடும். வெள்ளையா இருந்தா தெரிஞ்சே இருக்காது."

"ரூம் பூட்டியிருந்துச்சே."

"அப்போ நம்ம பசங்க யாராவது காயறதுக்கு முன்னாடி..." என்று இழுத்தார். மேலே இன்னொரு கோட்டிங் அடித்துவிட்டுப் போனார்.

அவள் மறுபடி பூட்டினாள். மறுநாள் மறுபடி திறந்தாள்.

கோடு இருந்தது. அதே இடம். அதே உயரம். அதே திட்டு.

கணவனிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். இதுதான் சாக்கு என்று அண்ணியை இந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவிடாமல் நேராக விடுதிக்கு அனுப்பிவிடுவான். ஒரு பளபளப்புக்காக ஒரு மனுஷியைக் கட்டில் நம்பராக ஆக்குவதா?

வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மனசு மூடவில்லை.

அண்ணி வந்தார். ஒரு பெட்டி, ஒரு கத்தரிக்கோல், வாய் நிறையப் பேச்சு.

"என்ன கலர் அடிச்சிருக்கே?"

"நீலப்பச்சை அண்ணி. அழுத்தமா."

"நல்லவேளை. இவன் சட்டை எல்லாம் நான்தான் தைச்சேன். கலர் கேட்டா சாம்பல்னுதான் சொல்லுவான். விட்டிருந்தா சுவரையும் சாம்பலாக்கியிருப்பான்."

"அக்கா, வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான் தம்பி.

"கண்ணுதான்டா போச்சு. வாய் நல்லா இருக்கு."

டாக்டர் சொன்னது பலித்தது. அண்ணி வெள்ளை நிலையைப் பார்த்து நேராக நடந்தார். வெள்ளைச் சுவிட்சை ஒரே தட்டில் போட்டார். "அடடா, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தையல்காரர் விரல் சும்மா இருக்குமா? சுவரைத் தடவிக்கொண்டே போனவர், பின்சுவரில் நின்றார்.

"இங்க மரமா இருக்கே?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார் என்று நினைத்தாள்.

"பழைய அலமாரி அண்ணி. மூடிட்டோம்."

நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்தான். ஆனாலும் பொய்.

அதற்கப்புறம் அவளுக்கு நிம்மதி போயிற்று. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தத் தாழ்ப்பாளைத் தேடித் தொட்டுப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாது. விரலால்தான் தேட வேண்டும். இருக்கிறதா? இருக்கிறது. படி இறங்கும்போதே மறுபடி சந்தேகம் வரும். ஏறி வந்து மறுபடி தொடுவாள்.

"என்னம்மா, அலமாரிக்குள்ள புதையலா?" என்பார் அண்ணி.

ஒருநாள் காலை, காபியை ஆற்றிக்கொண்டே அண்ணி சொன்னார். "உங்க சுவர்ல ஒரு சூடு ஓடுதே."

"என்ன சூடு?"

"கட்டில்கிட்ட ஆரம்பிச்சு அந்த அலமாரி வரைக்கும். நாலு விரல் அகலத்துக்கு. மத்த இடமெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. யாரோ இப்பத்தான் கையை எடுத்த மாதிரி."

அவள் கையிலிருந்த தட்டு நழுவியது. பிடித்துக்கொண்டாள்.

"சுவருக்குள்ள கரன்ட் வயர் போகும் அண்ணி."

"வயர் இப்படியா நெஞ்சு உசரத்துக்குப் போகும்?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அது அண்ணியை அந்தக் கதவுக்கு இழுக்கிறது. அப்படித்தான் அவளுக்குப் பட்டது. கட்டிலில் ஆரம்பித்துத் தாழ்ப்பாளில் முடிகிற வழி. கண் தெரியாதவருக்கு விரலால் படிக்கிற வழி. அந்தப் பக்கம் காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத வழி.

"இன்னிக்காவது ஆணி அடிச்சிடுங்களேன்" என்று கணவனைக் கெஞ்சினாள்.

"ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமை எங்கோ ஒரு லிப்ட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள். போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை அண்ணி இன்னொன்று கேட்டார். "நேத்து மத்தியானம் நீ கடையிலிருந்து நடுவுல வந்தியா?"

"இல்லையே."

"உன் குரல் கேட்டுச்சே. 'அண்ணி'ன்னு ஒரே ஒரு தடவை. வாசல்லன்னு நினைச்சுப் போனேன். யாரும் இல்லை."

"கனவா இருக்கும் அண்ணி."

"இருக்கும்" என்றார் அண்ணி. ஆனால் தலையை லேசாகச் சாய்த்துக் காதைப் பின்சுவர்ப் பக்கம் வைத்திருந்தார்.

அன்று கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. காலை மாத்திரையில் நிலா வரைந்தாள். அழித்துச் சூரியன் வரைந்தாள். வாங்க வந்த பெரியவர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வானம் வேறு மூட்டம் போட்டிருந்தது. சாயங்காலம் ஆகும் முன்பே தெரு இருட்டிவிட்டது. அவள் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

வீட்டு வாசலில் நின்று சாவி போடும்போது கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. ஐந்து நாற்பது.

உள்ளே கரன்ட் இல்லை.

"அண்ணி?"

பதில் இல்லை.

நடையில் செருப்பைக் கழற்றினாள். குழாய் சொட்டும் சத்தம். டொக்... டொக்...

இல்லை. குழாய் இல்லை.

மரத்தில் யாரோ தட்டுகிறார்கள்.

பின்னறையில் அண்ணியின் குரல் மெதுவாகக் கேட்டது. "இரும்மா... இரு... திறக்கிறேன்... இது நகர மாட்டேங்குதே..."

அவள் ஓடினாள்.

அறை இருட்டிக்கிடந்தது. சுவர் இன்னும் இருட்டாக. வெள்ளைக் கட்டில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அண்ணி பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கையாலும் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி!"

அண்ணியின் கைகள் நின்றன.

மெல்லத் திரும்பினார்.

"நீ... உள்ளேயா இருக்கே?"

"இப்பத்தான் வந்தேன். அதை விடுங்க. இப்படி வாங்க."

"அலமாரின்னு சொன்னியே... இது கதவுதானே?" அண்ணி மரத்தைத் தொட்டுக் காட்டினார். "சாவியை மறந்துட்டேன், பின்பக்கமா வந்திருக்கேன், திறங்கன்னு... இவ்வளவு நேரம் நீதானே கேட்டுக்கிட்டு இருந்தே?"

அவள் அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

டொக்... டொக்...

கதவுக்கு வெளியே. படி இல்லாத பக்கம்.

அப்புறம் ஒரு குரல்.

"அண்ணி... கை வலிக்குது... சீக்கிரம் திறங்க..."

அவளுடைய குரல்.

அதே குரல். கடையில் பெரியவர்களிடம் பேசுகிற அதே பணிவு. அதே இழுவை.

அண்ணி பின்னால் சாய்ந்தார். அவள் தாங்கிக்கொண்டு கட்டிலில் உட்காரவைத்தாள். "காதைப் பொத்திக்குங்க. நான் பார்த்துக்கறேன்."

தாழ்ப்பாள் எந்த அளவுக்கு இழுபட்டிருக்கிறது? தெரியவில்லை. சுவரும் அதே நிறம். கதவும் அதே நிறம். தாழ்ப்பாளும் அதே நிறம். அவளே சொல்லி அடித்த நிறம். கண்ணிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

கையை நீட்டினாள். தடவினாள்.

சுவர் ஜில்லென்றிருந்தது.

அப்புறம் சூடு. நாலு விரல் அகலம்.

அதைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தாள். மரம் வந்தது. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

தாழ்ப்பாள் கைக்கு வரவில்லை.

வேறு ஒன்று வந்தது.

சூடாக இருந்தது. மேடும் பள்ளமுமாக.

விரல் முட்டிகள்.

யாரோ தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கமிருந்து. இறுக்கமாக. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பலத்தையெல்லாம் கொடுத்துச் சோர்ந்துபோன கை எப்படி நடுங்குமோ, அப்படி.

அவள் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. அந்த நிமிஷத்தில் ஒன்று மட்டும் புரிந்தது. அண்ணியால் திறக்க முடியாமல் போனது பெயின்ட் ஒட்டியதால் இல்லை. தினம் தினம் கட்டிலடியிலிருந்து இந்தக் கதவு வரை வந்து போன கை, திறக்க வந்த கை இல்லை.

மூடியிருக்கிறதா என்று பார்க்க வந்த கை. அவளைப் போலவே.

"கடவுளே" என்றாள்.

அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள்.

"நானும் பிடிச்சுக்கறேன்."

சேர்ந்து தள்ளினாள்.

டக்.

தாழ்ப்பாள் முழுசாக விழுந்தது.

வெளியே தட்டுவது நின்றது. குரல் நின்றது. சந்தில் ஒரு நாய் குரைத்து, பாதியில் நிறுத்தியது.

உள்ளங்கைக்குக் கீழே இப்போது வெறும் இரும்பு. மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்தது.

கரன்ட் வந்தது. வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தாள். கணவன் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. அவளை மேலிருந்து கீழே வரை பார்த்தான். அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். காலைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். நேராக அக்காவிடம்.

அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோடு, சூடு, குரல், தான் சொன்ன பொய். அண்ணியின் காலடியில் உட்கார்ந்து, "உங்ககிட்ட மறைச்சிருக்கக் கூடாது அண்ணி" என்று அழுதாள். அண்ணி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "பார்வை இல்லாதவகிட்ட வழியை மறைக்கலாமா, பைத்தியம்? பள்ளம் இருக்குன்னு சொல்லியிருந்தா யார் கூப்பிட்டாலும் போயிருப்பேனா?"

இனி விடுதிதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். கணவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் வீட்டுக்காரரைக்கூடக் கேட்காமல் கொத்தனாரைக் கூட்டிவந்து, கதவைப் பெயர்த்து எடுத்து, செங்கல் வைத்து அடைத்துவிட்டான். வீட்டுக்காரர் வந்து குதித்தார். கடைசியில் அவரும் அடங்கினார். இங்கே யாராவது இறந்திருக்கிறார்களா என்று அவள் கேட்டதற்கு, "என் வீட்டுல கொசுகூடச் செத்ததில்லை" என்று சத்தியம் செய்தார்.

புதுச் சுவருக்கும் அதே நீலப்பச்சை அடித்தார்கள். அந்தக் கோடு அப்புறம் வரவேயில்லை. யாருடைய கை அது, அதற்கு ஓய்வு கிடைத்ததா, தெரியாது. தினமும் விளக்கேற்றிக் கும்பிடும்போது, பேர் தெரியாத அந்தக் கைக்காகவும் அவள் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்கிறாள்.

சொன்ன ஒரு மாசம் முடிந்தது. இன்னொரு மாசமும் போயிற்று. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "விடுதிப் பேச்சையே காணோமே?"

அவன் ஒரு சட்டையை எடுத்து மடித்தான்.

"அன்னிக்கு நானும் சீக்கிரம் வந்துட்டேன்" என்றான். "ஆணி வாங்கிட்டு. வண்டியைப் பின்சந்துல நிறுத்தினேன். மேலே பார்த்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"உன்னை."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கதவுக்கு வெளியே நின்னுட்டிருந்தே. வெள்ளைக் கோட்டு. கதவுல முகத்தை ஒட்ட வெச்சுக்கிட்டு. காலுக்குக் கீழே ஒண்ணும் இல்லை. கத்தலாம்னு வாயைத் திறந்தேன். நீ திரும்பிப் பார்த்தே. உன் மூஞ்சிதான். என்னைப் பார்த்துச் சிரிச்சே."

"அப்புறம்?"

"கண் சிமிட்டினேன். ஆளைக் காணோம். மேலேயும் போகலை. கீழேயும் விழலை. அது எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஓடி வந்து மணி அடிச்சேன். நீ கதவைத் திறந்தே. அதே கோட்டு... அதே முகம்..."

அவன் குரல் இறங்கியது.

"எனக்கு எப்படித் தெரியும், சொல்லு. அந்தப் பின்கதவு திறந்துச்சா இல்லையான்னே தெரியாது. கண்ணை நம்பி என்ன பிரயோஜனம்? அதான் அக்காகிட்டப் போய்க் கேட்டேன். உள்ளே இருக்கிறது இவதானா, நல்லாத் தொட்டுப் பார்த்துச் சொல்லுன்னு. அக்கா இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"'நம்ம பொண்ணுதான்டா. ஆனா தினமும் பார்த்துக்கறேன்'னாங்க."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம், தினமும் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, அண்ணி அவள் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு விரல் விரலாகத் தொடுவார். ரெண்டு மூச்சு விடும் நேரம்தான். பாசம் என்று நினைத்திருந்தாள்.

பாசமும்தான்.

மறுநாள் காலை கைப்பையை மாட்டிக்கொண்டு அறைக்குப் போனாள். இருண்ட சுவருக்கு எதிரே வெள்ளைக் கட்டிலில் அண்ணி உட்கார்ந்திருந்தார். எப்போதும்போல இரண்டு கையையும் நீட்டினார். அவள் தன் கையைக் கொடுத்தாள்.

அண்ணி கண்ணை மூடினார். கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடு விரல்.

அங்கே நிறுத்தினார்.

மறுபடி கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தார்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அண்ணியே விடும்வரை நின்றாள்.